ஒரு திண்ணையின் ஐந்தொகை!

1885-ம் வருடம். பர்மாவின் தலைநகரம் மாண்டலே. சிம்மாசனத்தில் திபா என்ற இளம் ராஜா. வயது இருபத்தாறு. அந்த வருடம் முடிவதற்குள் நாடு, அரண்மனை, கிரீடம் எல்லாமே அவர் கையைவிட்டுப் போய்விட்டது. ராஜாக்கள் வழக்கமாகக் கவிழ்வது பெண்ணால், பொன்னால், இல்லாவிட்டால் கூடப்பிறந்த தம்பியால்! திபா கவிழ்ந்தது எதனால் தெரியுமா? மரத்தால்!

பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்று ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. பர்மா காட்டில் தேக்கு வெட்டிக்கொள்ள ராஜாவிடம் குத்தகை எடுத்திருந்தது. 'வெட்டியது ஒரு கணக்கு, எங்களுக்குக் காட்டியது ஒரு கணக்கு' என்று ராஜாவின் சபை கம்பெனி மீது பெரும் அபராதம் போட்டது. கம்பெனி ஓடிப்போய் பிரிட்டிஷ் சர்க்காரிடம் அழுதது. சர்க்காருக்கோ உள்ளுக்குள் வேறு பயம். திபா பிரெஞ்சுக்காரர்களோடு குலாவுகிறாரே என்று! சண்டை போட ஒரு சாக்கு தேவைப்பட்டது. தேக்கு அந்தச் சாக்கைக் கொடுத்தது. நவம்பரில் படை கிளம்பியது. இரண்டே வாரம்... கதை முடிந்தது. திபாவைக் கப்பலில் ஏற்றி, சில மாதம் நம்ம சென்னையில் வைத்திருந்து, பிறகு ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். கடைசிவரை ஊர் திரும்பாமலே 1916-ல் அங்கேயே இறந்துபோனார்.

சரி, அந்த ராஜாவின் கதைக்கும் இந்த வாரம் நாம் போகப்போகிற புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் ரோட்டில் திருமயம் தாண்டி உள்ளே திரும்புங்கள். ராயவரம், கடியாபட்டி, கோனாப்பட்டு, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை... 'செட்டிநாடு' என்றதும் எல்லோருக்கும் காரைக்குடிதான் ஞாபகம் வரும். ஆனால் நகரத்தார் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களிலும் விரவிக் கிடக்கின்றன. மேலே சொன்ன ஊர்களெல்லாம் தொண்டைமான் ராஜாக்களின் சீமையாக இருந்து, இப்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவை. அங்கே ஏதாவது ஒரு பெரிய வீட்டுத் திண்ணையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் தூணைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதே, அதுதான் பர்மா தேக்கு!

இன்றைக்கு நகரத்தில் அபார்ட்மென்ட் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் 'டெக்' போடுவது ஃபேஷன். வெயிலும் மழையும் படுகிற இடத்தில் மரத்தில் தரை. போட்ட இரண்டாவது வருடம் வார்னிஷ் உரிகிறது, மூன்றாவது வருடம் பலகை வளைகிறது, நான்காவது வருடம் கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை! வெளியில் கிடக்கும் மரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எதைப் பூசுவது, எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்தவை இந்தத் திண்ணைகள். பதில் மட்டும் இல்லை, ஓர் எச்சரிக்கையும் அதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். புதுக்கோட்டைச் சீமையில் கல்லுக்கா பஞ்சம்? நார்த்தாமலைக்குப் போனால் திரும்பிய பக்கமெல்லாம் பாறை. அந்த மலை மேல் நிற்கும் விஜயாலய சோழீச்சரம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். ஆயிரத்து நூறு வருடமாக மழையிலும் வெயிலிலும் நிற்கிறது. யாரும் அதற்கு பாலிஷ் போடவில்லை! இப்போது கலெக்டர் ஆபீஸாக இருக்கும் தொண்டைமான்களின் புது அரண்மனையும் கருங்கல்தான். இப்படி வீட்டு வாசலிலேயே கல்லை வைத்துக்கொண்டு, வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய் மரம் கொண்டுவருவானேன்?

காரணம் எளிது. அவர்கள் மரத்துக்காக பர்மா போகவில்லை. வட்டிக்காகப் போனார்கள்!

1826-ல் முதல் பர்மா யுத்தம் முடிந்த கையோடு நகரத்தார் அங்கே கால் வைத்தார்கள். 1852-ல் கீழ் பர்மா முழுக்க பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி எகிறியது. ஐராவதி டெல்டாவில் காட்டையும் சதுப்பையும் திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார பேங்க் அவனுக்கு நாற்காலிகூடப் போடாது. பாய் விரித்து, பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் செட்டியார்கள். 1929-30-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கிருந்த செட்டியார் கடைகள் சுமார் 1,650. முதலீடு சுமார் 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி!

லாபம் ஊருக்கு வந்தது. ஊருக்கு வந்த லாபம் வீடானது. ரங்கூனில் கொழித்தது எதுவோ, அது கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய நூறு வருடம் இந்த வீடு கட்டும் உற்சவம் நடந்தது. பர்மாவிலிருந்து தேக்கு, இலங்கையிலிருந்து முதிரை, இத்தாலியிலிருந்து மார்பிள், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி... துறைமுகத்தில் இறங்கிய மரம் மாட்டுவண்டியில் ஏறிச் செம்மண் பாதையில் ஆடி ஆடி ஊருக்கு வந்து சேர்ந்தது.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் வரவு, செலவு என்றுதான் புத்தி போகும். நகரத்தார் கணக்கில் 'ஐந்தொகை' என்று ஒன்று உண்டு. நாம் 'பேலன்ஸ் ஷீட்' என்கிறோமே, அது. அந்தத் திண்ணைக்கு ஓர் ஐந்தொகை எழுதிப் பார்ப்போமா?

வரவுப் பக்கத்தில் முதல் வரி: மரம்.

தேக்கில் அப்படி என்ன விசேஷம்? அந்த மரத்துக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. கூடவே கறையானுக்குப் பிடிக்காத சில ரசாயனங்கள். தண்ணீர் பட்டால் மற்ற மரங்கள் அளவுக்கு ஊதாது, காய்ந்தால் சுருங்காது. இன்னொரு குணம், அதில் அடித்த இரும்பு ஆணி லேசில் துருப்பிடிக்காது. ஐரோப்பாவின் ஓக் மரத்தில் இரும்பு அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று அரித்துக்கொள்ளும். கப்பல் கட்டுகிறவர்கள் தேக்குக்கு அலைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மும்பையில் வாடியா குடும்பத்தார் 1817-ல் மலபார் தேக்கில் கட்டிய 'டிரின்கோமாலி' என்ற போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. இருநூறு வருடம் தாண்டிவிட்டது!

ஆனால், 'தேக்கு' என்று போர்டு வைத்த கடையில் இருப்பதெல்லாம் இந்தத் தேக்கு இல்லை. மரத்தின் நடுவில் இருப்பது வைரம். ஓரத்தில் வெளிறிப்போய் இருப்பது வெள்ளை. எண்ணெய், கறையான் எதிர்ப்பு எல்லாம் வைரத்தில்தான். வெள்ளையைக் கறையான் பொரி மாதிரி தின்றுவிடும்! மரத்துக்கு வயது ஏற ஏற வைரம் கூடும். பர்மாவில் வெட்டியவை தானாக வளர்ந்த கிழட்டு மரங்கள். பதினைந்து, இருபது வருடத்தில் தோட்டத்தில் வளர்த்து வெட்டும் மரத்தில் வெள்ளை அதிகம். அதற்காகத் தோட்டத் தேக்கு என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. கேரளாவின் நிலம்பூரில் 1840-களில் கனோலி என்ற கலெக்டரும் சாத்து மேனன் என்ற அதிகாரியும் உலகத்துக்கே முன்னோடியாகத் தேக்குத் தோட்டம் போட்டார்கள். அதில் ஒரு பகுதியை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். விஷயம், மரத்துக்குக் கொடுக்கிற காலத்தில் இருக்கிறது.

காலம் என்றால் வளரும் காலம் மட்டுமா? காயும் காலமும்தான். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, முழுகிவிடும். பர்மா காட்டிலிருந்து மரத்தை வெளியே கொண்டுவர ஆறுதான் ரோடு. என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தின் அடியில் பட்டையோடு வைரம் வரைக்கும் வட்டமாக வெட்டிவிட்டு, அப்படியே நிற்க வைத்துவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் ஏறாது. மரம் நின்றபடியே சாகும், நின்றபடியே காயும். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கோடாலி! பிறகு யானை இழுத்து ஓடையில் போடும். மழை வெள்ளம் வந்து தூக்கிப்போகும் வரை அங்கேயே காத்திருக்கும். ஆறு மாறி, தெப்பமாகக் கட்டி, ரங்கூன் மில்லுக்கு வந்து சேர இன்னும் சில வருடம். 1856-ல் பெகு காடுகளுக்கு சூப்பரின்டென்டாக வந்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரர், எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்று இதற்கெல்லாம் ஒழுங்கான கணக்கு கொண்டுவந்தார். பிற்பாடு இந்தியா முழுமைக்குமே காட்டிலாகா தலைவரானவர் அவர்.

யோசித்துப் பாருங்கள். கடியாபட்டி ஆசாரி உளி வைக்கும்போது அந்த மரம் காய்ந்து பல வருடம் ஆகியிருக்கும். நமக்கு? திங்கட்கிழமை ஆர்டர், வெள்ளிக்கிழமை டெலிவரி, சனிக்கிழமை பிட்டிங். மரம் உங்கள் பால்கனியில்தான் காய ஆரம்பிக்கிறது. வளையாமல் என்ன செய்யும்?

ஐந்தொகையில் இரண்டாவது வரி: இடம். நான் பார்த்தவரை நம் ஊர்த் திண்ணையின் பெரிய சாமர்த்தியம் இதுதான்.

நல்ல மரத்தை வாங்கிவிட்டோமே என்று அவர்கள் அதை மழையில் நிறுத்தவில்லை. நன்றாகக் கவனியுங்கள். மழை நேராக விழுகிற வாசலிலும் முற்றத்திலும் கருங்கல். திண்ணையின் விளிம்பில், சாரல் தெறிக்கும் இடத்தில் நீளமான பட்டியக்கல். கொஞ்சம் உள்ளே தள்ளி, வெளிச்சம் படும், சாரல் எப்போதாவது படும் என்ற இடத்தில் மரத்தூண். அந்தத் தூணும் தரையில் நிற்காது. கீழே கருங்கல் பீடம். மரத்தின் வெட்டுவாய் தரை ஈரத்தைத் தொடவே கூடாது. ஏனென்றால் மரம் தண்ணீர் குடிப்பது பக்கவாட்டில் அல்ல, வெட்டிய வாய் வழியாகத்தான். பால் டம்ளரில் போட்ட ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சும். தலைக்கு மேலே ஓட்டுச் சரிவு நன்றாக வெளியே நீட்டியிருக்கும். உட்காரும் தரையோ வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். தப்பித்தவறித் தண்ணீர் வந்தாலும் வடிந்துவிடும்.

அதாவது தேக்கைக் காப்பாற்றிய முதல் பூச்சு எண்ணெயோ வார்னிஷோ இல்லை. ஓடும் கல்லும்தான்!

இதற்கு சாட்சி வேண்டுமா? அதே பர்மாவில், அமரபுரா ஊரில் ஊ பெய்ன் பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1850 வாக்கில், பழைய அரண்மனை மரங்களைக் கொண்டு கட்டியது. ஏரியின் மேல் சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்கள். பாலிஷ் கிடையாது, பெயின்ட் கிடையாது. நூற்றெழுபது வருடத்துக்கு மேலாக மக்கள் அதில் நடக்கிறார்கள். ஆனால் சில தூண்களுக்குப் பதிலாக கான்கிரீட் தூண்களை நிறுத்தவேண்டி வந்துவிட்டது. வெயிலையும் மழையையும் சமாளித்த தேக்கு, விடாமல் காலடியில் நிற்கும் தண்ணீரிடம் மட்டும் தோற்றது.

மூன்றாவது வரி: பூச்சு.

வெயில் மரத்தை என்ன செய்யும்? மரத்தின் நார்களை ஒட்டி வைத்திருக்கும் பசை போன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்தப் பசையை உடைக்கும். அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது வெள்ளி நிற நார். தேக்கு வெளியில் கிடந்தால் சாம்பல் நிறமாவது இதனால்தான். பயப்பட ஒன்றும் இல்லை. மேல் தோல்தான் நரைத்திருக்கிறது, உள்ளே வைரம் வைரமாகவே இருக்கும். கப்பல்காரர்கள் அந்த நரையை ஏற்றுக்கொண்டார்கள். தேக்கு டெக்கில் அவர்கள் வார்னிஷ் பூசவில்லை. மணலும் கடல் தண்ணீரும் ஊற்றி, ஒரு கல்லை வைத்துத் தேய்த்தார்கள். மண்டியிட்டுத் தேய்க்கும்போது ஜெபம் பண்ணுவது போல் இருக்குமாம். அதனால் மாலுமிகள் அந்தக் கல்லுக்கே 'புனிதக் கல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பார்கள்!

வார்னிஷ் என்பது மரத்துக்குப் போட்ட கண்ணாடிச் சட்டை. பளபளக்கும், சந்தேகமில்லை. ஆனால் மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். சட்டைக்கு அந்த நெளிவுசுளிவு கிடையாது. எங்கேயாவது முடியிழை அளவுக்குக் கீறல் விழும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. கறுப்பாகும், கொப்புளிக்கும், உரியும். உரிந்த வார்னிஷ் மேல் புது வார்னிஷ் நிற்காது. எல்லாவற்றையும் சுரண்டி மரம் தெரியும் வரை இழைத்துவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்கவேண்டும். எண்ணெய் அப்படி இல்லை. சட்டையாக மேலே நிற்காமல் தோலுக்குள் இறங்கிவிடும். உரிவதற்கு ஒன்றும் இல்லை. தீர்ந்துபோகும், அவ்வளவுதான். தீர்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி தடவலாம். வார்னிஷ் வருடக்கணக்கில் சும்மா இருக்கவிட்டு ஒரே நாளில் பெரிய பில் போடும். எண்ணெய் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கும்.

மரத்துக்கு எண்ணெய் என்பது ஊருக்கு ஊர் மாறும். பர்மாவில் ஏனாங்யாங் என்ற ஊரில் தரையிலிருந்து ஊறிவந்த கச்சா எண்ணெயையே மர வீடுகளுக்குப் பூசினார்கள். மேற்குக் கரையில் வள்ளங்களுக்கு முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் கறுத்த எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்துவிடும். பூச்சிக்கு மட்டும் வலிக்காதா என்ன? புதுக்கோட்டை - தஞ்சாவூர் ரோட்டில் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தி வறுத்த முந்திரி வாங்குகிறோமே, அந்தப் பருப்பைச் சுற்றியிருக்கும் ஓட்டில் இருப்பதும் அதே எண்ணெய்தான்.

திண்ணைச் சுவரின் பூச்சு இன்னொரு பெரிய கதை. 'வீடு முழுக்க முட்டையில் கட்டினார்கள்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மிகைப்படுத்தல்! முதலில் சுண்ணாம்பும் மணலும் அரைத்த கரடுமுரடான பூச்சு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்தது. மேலே போகப் போகச் சலித்துச் சலித்து மாவு போல ஆக்கிய பூச்சுகள். கடைசிப் பூச்சுகளில்தான் கிளிஞ்சல் சுண்ணாம்பு, வெள்ளைக்கல் மாவு, முட்டை வெள்ளைக்கரு. பிறகு வழவழப்பான கூழாங்கல்லை வைத்து, கண்ணாடி மாதிரி மின்னும் வரை மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும், அழுக்கு போய்விடும். மற்ற வீடுகளுக்கு அடிக்கடி வெள்ளையடிக்க வேண்டியிருக்க, இந்தச் சுவர்கள் நூறு வருடமாக ஒரே வெள்ளையில் நிற்கின்றன. சுண்ணாம்பு மூச்சு விடும். உள்ளே போன ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன் மேல் இன்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால்? விரிசலுக்கு சிமென்ட் அப்பினால்? மூக்கைப் பொத்திய மாதிரிதான். ஈரம் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காகக் கொட்டிவிடும்.

பிற்காலத்தில் வந்த ஆத்தங்குடிக் கல்லைத் தரையில் பார்த்திருப்பீர்கள். சூளையில் வைக்காத கல் அது. கண்ணாடி மேல் வர்ணத்தை ஊற்றி, சிமென்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அதற்கும் வைத்தியம் ஒன்றுதான். துடைக்கிற தண்ணீரில் துளி தேங்காயெண்ணெய், அப்புறம் மனிதக் கால்கள். நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு!

ஆக மரம், கல், பூச்சு எதைத் தொட்டாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கிறோம். எல்லாவற்றுக்கும் வேண்டியது ஓர் ஆள். துடைக்க ஆள், தடவ ஆள், நடக்க ஆள்.

அந்த ஆளை அவர்கள் எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? காலண்டரில்! பொங்கல் வந்தால் வீட்டைச் சுத்தம் பண்ணியே ஆகவேண்டும். கல்யாணம் என்றால் சொந்த ஊரில், பாட்டன் கட்டிய வீட்டில்தான். முன்னோர்களுக்குப் படைப்பு போட எல்லோரும் திரும்பி வருவார்கள். விருந்தாளி வருவதற்கு முன்னால் ஓடு மாற்றுவார்கள், தூணைத் துடைப்பார்கள், எண்ணெய் போடுவார்கள். பராமரிப்பு என்று தனியாக ஒரு வேலையே இல்லை. விசேஷம்தான் பராமரிப்பு! ரங்கூனிலிருந்து வந்த வட்டியில் அந்தச் செலவு நடந்தது. கணக்குப் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். எந்தச் சொத்தும் வருடா வருடம் கொஞ்சம் தேயும், அதற்கு ஈடாக லாபத்தில் கொஞ்சம் எடுத்து வை என்று. இவர்கள் அதைப் புத்தகத்தில் எழுதவில்லை. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் ஐந்தொகையின் பற்றுப் பக்கம் ஆரம்பிக்கிறது.

1930. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். அரிசி விலை விழுந்தது. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்தது. 1930-ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. ஏழெட்டு வருடத்தில் அது 25 ஆகிவிட்டது. வேண்டி வாங்கிய நிலம் இல்லை, வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த நிலம். நிலத்தை இழந்த பர்மியருக்குக் கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே இறந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது, நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-ல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் வங்கி, கடை, வியாபாரம் எல்லாம் சர்க்காருடையது என்றாகி, மிச்சமிருந்த இந்தியர்களும் கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் பிறந்தது அப்படித்தான்.

வட்டி நின்றது. வீடு நிற்கிறது. எண்ணெய்க்குப் பணம்?

பணம்கூடப் பெரிய பிரச்னை இல்லை. பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா, அமெரிக்கா என்று போய் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பாட்டன் கட்டிய வீட்டுக்கு இன்று இருபது, முப்பது பங்காளிகள். ஓடு மாற்ற ஒருவர் சம்மதிப்பார், இன்னொருவர் 'அப்புறம் பார்த்துக்கலாம்ணே' என்பார். கல்யாணங்கள் மெள்ள மெள்ள மண்டபத்துக்கு நகர்ந்துவிட்டன. காலண்டரிலிருந்து அந்த ஆள் காணாமல் போனார்!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதே, ஞாபகம் இருக்கிறதா? அப்படி ஒரு காற்றில் ஆள் குடியிருக்கும் வீட்டில் ஓடு நகர்ந்தால் மறுநாளே ஏணி வைத்துச் சரிசெய்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் ஓர் ஓடு நகர்ந்தால் யாருக்குத் தெரியும்? ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே ஒழுகும் தண்ணீர் உத்தரத்தின் வெட்டுவாயில் இறங்கும். இரண்டு மழைக்காலம் போதும். பர்மா காட்டில் நூறு வருடம் வளர்ந்து, நின்றபடி காய்ந்து, ஆறும் கடலும் தாண்டி வந்த மரம் ஓர் ஓட்டிடம் தோற்றுவிடும்.

அதற்கு முன்னாலேயே வியாபாரி வந்துவிடுவார். 'இப்படியே விட்டா மக்கித்தான் போகும். நல்ல விலைக்குக் கொடுத்துடுங்களேன்' என்பார். முப்பது பங்காளிகளும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்! வீடு பிரிக்கப்படும். தூண் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், உத்தரம் ஒரு பக்கம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பிரித்த வீடுகளைச் சில்லறையாகப் பார்க்கலாம். சென்னை முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிண சித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துவந்து முழு வீடாக நிறுத்தியிருக்கிறார்கள். அது அதிர்ஷ்டசாலி வீடு. மற்றவை பெங்களூரு ரிசார்ட்டில் தூணாகவும், சென்னை ஃபிளாட்டில் டீப்பாயாகவும் வாழ்கின்றன.

இந்த வியாபாரம் லேசில் ஓயாது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மர ஏற்றுமதியைத் தடை செய்தது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டின் சர்க்கார் மரக் கம்பெனி மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய யூனியனும் தடை போட்டன. புதுசு கிடைப்பது குறைய, பழசின் விலை ஏறும். பழசு எங்கே இருக்கிறது? ராயவரத்திலும் கோனாப்பட்டிலும் நிற்கிறது! 2014-ல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். பெருமைதான். ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றாதே!

இப்போது உங்கள் பால்கனிக்கு வருவோம். அங்கே மரம் போடப்போகிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். கடைக்காரரிடம் 'தேக்கா?' என்று கேட்காதீர்கள், 'வைரமா?' என்று கேளுங்கள். ஓரத்தில் வெளிறிய பட்டை இருந்தால் அந்தப் பலகை வேண்டாம். வாங்கியதைச் சில வாரம் உங்கள் வீட்டு நிழலிலேயே அடுக்கிவைத்துப் பழகவிடுங்கள். பலகைக்குப் பலகை இடைவெளி, கீழே தண்ணீர் ஓட வழி. அறுத்த வாய் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை எண்ணெய் கூடுதல். வார்னிஷ் வேண்டாம். கடையில் விற்கும் 'டீக் ஆயில்' தேக்கிலிருந்து எடுத்ததில்லை. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் மாதிரி உலரும் எண்ணெயோடு வேறு சிலவற்றைக் கலந்தது. பரவாயில்லை, உபயோகிக்கலாம். மெல்லிசாகத் தடவி, அரை மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் மட்டும் போடாதீர்கள். உலரும்போது சூடாகித் தானாகவே பற்றிக்கொள்ளும், நிஜமாகவே! தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, பொங்கல் முடிந்து வெயில் ஏறும்போது ஒரு தடவை. இதெல்லாம் முடியாது என்றால் மரத்தை நரைக்கவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை சோப்புத் தண்ணீர் போதும். கப்பல்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையும் கிடைக்கிறது. கறையான் வராது, எண்ணெய் கேட்காது. ஆனால் சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நிற்கமுடியாது. வெளுத்துவிட்டால் இழைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். அதற்குத் தேய்மானம் உண்டு, வைத்தியம் கிடையாது.

பழைய பர்மா தேக்குத் தூண் மேல்தான் உங்களுக்கு ஆசை என்றால், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். 'இது எந்த ஊர் வீட்டுத் தூண்? வீடு தானாக விழுந்ததா, இதற்காகப் பிரித்தீர்களா?' வியாபாரி முழிப்பார். முழிக்கட்டும். கேட்கிறவர்கள் கூடினால், பிரிக்கிறவர்கள் கொஞ்சமாவது யோசிப்பார்கள்.

இதை வாசிப்பவர்களில் யாருக்காவது அந்தப் பக்கத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கலாம். பாகப்பிரிவினை எப்போது முடியுமோ, தெரியாது. அதுவரை காத்திருக்காமல், ஐப்பசிக்கு முன்னால் ஓர் ஆளை ஏணியோடு ஓட்டின் மேல் ஏற்றி நகர்ந்த ஓடுகளைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஒருநாள் கூலிதான். அதற்கு முப்பது கையெழுத்து தேவையில்லை!